பிரேசில் இனி பழைய பிரேசில் இல்லை: ஏற்றுக்கொண்டவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்?

மஞ்சள்சட்டை கேட்டது:

நேராகவே கேட்டுவிடுகிறேன். பல வருஷமாக பிரேசிலுக்காகவே கால்பந்து பார்த்து, கடைசியில் "சரி, நம்ம டீம் இப்போது முதல் வரிசையில் இல்லை" என்று மனதார ஒப்புக்கொண்டவர்கள் இங்கே யாராவது உண்டா? எப்படி அந்த நிலைக்கு வந்தீர்கள்? வந்த பிறகும் மேட்ச் பார்க்கிறீர்களா? பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறதா?

இப்போது கேட்கக் காரணம் ஜப்பான் மேட்ச். 2025 அக்டோபர் 14, டோக்கியோ. இடைவேளையில் 2-0 என்று நாம் முன்னால் இருந்தோம். அப்புறம் ஃபாப்ரிசியோ புருனோ நம் கோல் பக்கத்திலேயே பந்தைச் சரியாக அடிக்காமல் மினமினோ காலில் போட்டார். 2-1. அடுத்து நகமுரா. அடுத்து உயெடா. 3-2. ஜப்பானிடம் பிரேசில் தோற்றது வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை. நட்பு ஆட்டம்தான், கோச் அன்செலோட்டி ஆட்களை மாற்றி இறக்கிப் பார்த்தார், எல்லாம் தெரியும். ஆனால் மூன்றாவது கோல் விழுந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

எனக்கு இந்தப் பித்து தொடங்கியதும் ஜப்பானில்தான். 2002 ஜூன் 30, யோகோஹாமா, ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டம். எல்லோரும் ரொனால்டோவின் முதல் கோலைச் சொல்வார்கள். ரிவால்டோ அடித்த பந்து ஆலிவர் கான் கையிலிருந்து நழுவ, ஓடிவந்து தட்டிய கோல். எனக்கு இரண்டாவது கோல்தான் உயிர். வலப் பக்கமிருந்து கிளெபர்சன் உள்ளே உருட்டுகிறார். ரிவால்டோ பந்தை வாங்கப்போகிறவர் மாதிரியே வந்து, தொடாமல் விட்டுவிடுகிறார். ஜெர்மன் டிஃபெண்டர் அவரோடு போய்விட, பின்னால் ரொனால்டோ தனியாக நிற்கிறார். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கோல் அடிக்கும் தூரத்தில் வரும் பந்தைத் தொடாமல் விட ஒருவருக்கு எவ்வளவு நிச்சயம் வேண்டும்! பின்னால் நம்ம ஆள் இருப்பான் என்ற நிச்சயம். பிரேசில் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த நிச்சயம்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 2006 காலிறுதி பிரான்ஸ், 2010 காலிறுதி நெதர்லாந்து. 2014-இல் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 7-1. 2018 காலிறுதி பெல்ஜியம், 2022 காலிறுதி குரோஷியா. 7-1-ஐப் பற்றி எழுதப்போவதில்லை. அதை ஒரு விபத்து என்று சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். நெய்மார் முதுகெலும்பு காயத்தில், தியாகோ சில்வா தடையில், ஆறே நிமிஷத்தில் நாலு கோல். அப்படி ஒரு நாள் எந்த அணிக்கும் வரலாம்.

விபத்து என்று சொல்ல முடியாதது குரோஷியா மேட்ச். எக்ஸ்ட்ரா டைமின் முதல் பாதி முடியும் நேரத்தில் நெய்மார் இரண்டு பேரிடம் பந்தைக் கொடுத்து வாங்கி, கோல்கீப்பரையும் தாண்டிப் போய் அடித்தார். பிரேசிலுக்காக அவருக்கு அது 77-வது கோல், பெலேயின் கணக்கைத் தொட்ட கோல். 1-0. மிச்சம் பதினைந்து நிமிஷம்தான். 117-வது நிமிஷத்தில் பந்து பறிபோனபோது நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்னிலையில் இருக்கும் அணி மாதிரியா நின்றார்கள்? ஃப்ரெட் எல்லாம் மேலே போய்விட்டார். நடுக்களம் திறந்து கிடந்தது. ஓர்ஷிச் இடப் பக்கம் ஓடி வந்து திருப்பிக் கொடுக்க, பெட்கோவிச் அடித்த பந்து மார்க்கீனியோஸ் மேல் பட்டு உள்ளே போனது. பெனால்டியில் ரோட்ரிகோ அடித்ததை லிவாகோவிச் தடுத்தார், மார்க்கீனியோஸ் அடித்தது கம்பத்தில் பட்டது. ஐந்தாவதாக அடிக்க இருந்த நெய்மாருக்கு முறையே வரவில்லை. மூன்று வாரத்தில் பெலேயும் போய்விட்டார்.

இனி 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. 18 ஆட்டத்தில் 6 தோல்வி, 28 புள்ளி, ஐந்தாவது இடம். அர்ஜென்டினா 38. உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் சொந்த மண்ணில் தோற்றதே இல்லை என்ற பெருமையும் 2023 நவம்பரில், அதே அர்ஜென்டினாவிடம், ரியோவின் மரக்கானா மைதானத்திலேயே போனது.

என் அக்கா பையன் அர்ஜென்டினா கட்சி. 2021-இல் டி மரியா கோலில் மரக்கானாவில் கோபா அமெரிக்கா என்ற தென் அமெரிக்கக் கோப்பையை அவர்கள் தூக்கியபோது என்னை ஒரு வாரம் விடவில்லை. 2025 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸில் 4-1, அதுவும் மெஸ்ஸி இல்லாமல். அன்றைக்கு நாலாவது கோல் விழுந்தபோது அவன் கத்தவே இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, வேற ஏதாவது போடட்டுமா?" என்றான். கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம். எதிர்க்கட்சிக்காரன் பரிதாபப்படுவதைத் தாங்க முடியவில்லை.

நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது ஒரே ஒரு கணக்கை. 2002-க்கான தகுதிச் சுற்றிலும் பிரேசில் 18 ஆட்டத்தில் 6 தோற்றது. 30 புள்ளி, மூன்றாவது இடம். கோச்சுகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2001 கோபா அமெரிக்காவில் ஹோண்டுராஸிடம் 2-0 என்று தோற்று வெளியே வந்தார்கள். கடைசி தகுதி ஆட்டம் வரை இடம் உறுதியாகவில்லை. அந்த அணிதான் அடுத்த வருஷம் ஏழு ஆட்டத்தில் ஏழும் ஜெயித்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இது நம்பிக்கையா, இல்லை ஏற்றுக்கொள்ளாமல் தப்பிக்கும் வழியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


சாரியா82 எழுதியது:

தம்பி, நான் உங்களுக்கு முந்தைய தலைமுறை. என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். 1982 ஜூலை 5, பார்சிலோனாவில் சாரியா மைதானம், பிரேசில் 2 இத்தாலி 3. அதை நான் நேரலையில் பார்க்கவில்லை, பத்திரிகையில் வந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். முழு ஆட்டத்தைப் பார்த்தது பல வருஷம் கழித்து.

உங்கள் 117-வது நிமிஷத்தைப் படித்ததும் எனக்கு அந்த ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது. அரையிறுதிக்குப் போக பிரேசிலுக்கு டிரா போதும். ஃபல்காவ் 68-வது நிமிஷத்தில் அடித்து 2-2 ஆக்கிவிட்டார். வேறு எந்த அணியாக இருந்தாலும் எல்லோரும் பின்னால் வந்து நின்றிருப்பார்கள். இவர்கள் மூன்றாவது கோல் தேடிப் போனார்கள். ஆறு நிமிஷத்தில் இத்தாலியின் ரோஸி தன் மூன்றாவதை அடித்தார். ஜீக்கோ, சாக்ரடீஸ், ஃபல்காவ், செரெசோ. உலகமே கொண்டாடிய நடுக்களம், காப்பாற்ற வேண்டிய நேரத்தில் காப்பாற்றத் தெரியாமல் தோற்றது. ஆகவே குரோஷியா மேட்சை வைத்து வீழ்ச்சி என்று சொல்லாதீர்கள். அந்தக் குணம் நம் அணிக்கு நல்ல காலத்திலேயே இருந்தது. வீழ்ச்சிக்கு வேறு அடையாளம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நான் பிரேசிலை நேசிக்க ஆரம்பித்ததே அது தோற்ற பிறகுதான். 1970-க்குப் பிறகு 24 வருஷம் கோப்பை கிடையாது. அந்த 24-இல் பாதிக்கு நான் சாட்சி. 1986-இல் குவாடலஹாராவில் பிரான்ஸ் மேட்ச். ஜீக்கோ மாற்று ஆட்டக்காரராக வந்து கொஞ்ச நேரத்திலேயே பெனால்டி கிடைத்தது. பாட்ஸ் தடுத்துவிட்டார். 1-1, பிறகு பெனால்டியில் சாக்ரடீஸும் ஜூலியோ சீசரும் தவறவிட்டு வெளியேறினோம். 1990-இல் டூரினில் அர்ஜென்டினாவோடு ஆட்டம் முழுக்க நாம்தான் அடித்துக்கொண்டிருந்தோம், கம்பமும் குறுக்குச் சட்டமும்தான் தடுத்தன. மரடோனா ஒரே ஒரு தடவை எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கனிஜியாவுக்குப் பந்தை விட்டார். முடிந்தது கதை.

அந்த வருஷங்களில் "பிரேசில் முடிந்துவிட்டது" என்று எழுதாத ஆள் இல்லை. 1994-இல் ஜெயித்தபோதும் இங்கே பல பேருக்கு அந்த அணியைப் பிடிக்கவில்லை. துங்கா, மவுரோ சில்வா என்று நடுவில் இரண்டு காவல்காரர்கள், இறுதி ஆட்டம் 0-0, பெனால்டியில் இத்தாலியின் பாஜியோ மேலே அடித்ததால் வந்த கோப்பை. நான் அழுதேன். அழகாக ஆடவில்லை என்று சொன்னவர்களோடு அன்றைக்குச் சண்டையே போட்டேன். ஜெயித்த அணியில் குறை சொன்னவர்கள் தோற்ற 82-ஐத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இரண்டும் பிரேசில்தான்.

அதனால் உங்கள் 2001 கணக்குக்கு என் பதில் இது. 2001-இல் தடுமாறிய அணியிடம் ரிவால்டோ, ரொனால்டினோ, கஃபு, ராபர்ட்டோ கார்லோஸ் இருந்தார்கள். ரொனால்டோ முழங்கால் காயத்தோடு வெளியே காத்திருந்தார். ஆட்கள் இருந்தார்கள், சேர்க்கைதான் அமையவில்லை. கோச் ஸ்கொலாரி அதை அமைத்தார். இன்றைக்கு வெளியே காத்திருக்கும் ரொனால்டோ யார்? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நான் ஒப்புக்கொண்டது அந்த இடத்தில்தான். 86-இலும் 90-இலும் நாம் தோற்றோம், ஆனால் ஜெயித்தவர்கள் தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்கள். இப்போது நம்மிடம் ஆட வருகிறவர்கள் முகத்தில் பயம் இல்லை. நான் சொன்ன அடையாளம் அதுதான்.

பார்க்கிறேனா என்று கேட்டீர்களே, ஒரு மேட்ச் விடுவதில்லை.


இடதுபேக் எழுதியது:

பெரியவர் சொன்னதில் கடைசிப் பத்தியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எனக்கு ஏற்றுக்கொள்வது சுலபமாக இருந்ததற்குக் காரணம், ஏன் இப்படி ஆனது என்று உட்கார்ந்து பார்த்ததுதான். காரணம் புரியாத தோல்விதான் திரும்பத் திரும்பக் குத்தும்.

முதலில், 2002-க்குப் பிறகு 2022 வரை உலகக் கோப்பையில் பிரேசிலை வெளியேற்றிய ஐந்து அணிகளும் ஐரோப்பா. பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், குரோஷியா. இது தற்செயல் இல்லை. 2018-இல் ஐரோப்பிய நேஷன்ஸ் லீக் தொடங்கிய பிறகு ஐரோப்பிய அணிகளுக்கு நட்பு ஆட்டத்துக்கு நாளே இல்லாமல் போனது. 2019 மார்ச்சில் செக் குடியரசோடு ஆடியதற்கு அப்புறம், 2022 உலகக் கோப்பையில் செர்பியாவைச் சந்திக்கும் வரை பிரேசில் ஒரு ஐரோப்பிய அணியோடுகூட ஆடவில்லை. மூன்றரை வருஷம்! தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் தோற்காமல் வந்து, நாம் எல்லோரும் "இந்தத் தடவை நிச்சயம்" என்றோம். உண்மையான பரீட்சையே எழுதாத அணி அது.

அடுத்தது பக்கவாட்டு டிஃபெண்டர்கள். என் பெயரே இடதுபேக் என்பதால் இதில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நில்டன் சான்டோஸ், கார்லோஸ் ஆல்பர்ட்டோ, ஜூனியர், பிராங்கோ, கஃபு, ராபர்ட்டோ கார்லோஸ், மார்செலோ, டானி ஆல்வெஸ். பிரேசிலின் தாக்குதல் பாதி நேரம் பின்னாலிருந்துதான் கிளம்பும். 2002-இல் மூன்று சென்டர் பேக்குகளைப் பின்னால் நிறுத்திவிட்டு கஃபுவையும் ராபர்ட்டோ கார்லோஸையும் ஸ்கொலாரி முழுப் பக்கவாட்டையும் ஓடவிட்டார். எதிரணி விங்கர் தாக்குவதா, கஃபு பின்னால் ஓடுவதா என்று தெரியாமல் திணறுவான். இப்போது குரோஷியாவுக்கு எதிரான பதினொருவரை எடுத்துப் பாருங்கள். வலது பக்கம் மிலிடாவ், அவர் சென்டர் பேக். இடது பக்கம் டனிலோ, அவர் வலது பேக். அலெக்ஸ் சாண்ட்ரோவுக்கும் டெலஸுக்கும் காயம் என்பது உண்மைதான். ஆனால் கார்லோஸும் மார்செலோவும் வந்த நாட்டில் அடுத்த இடது பேக் இல்லாமல் போவது எப்படி? அந்த இரண்டு ஓரங்களும் வறண்டதால் வினிசியஸுக்கும் ரஃபீன்யாவுக்கும் கிடைக்கும் பந்தெல்லாம் எதிரே இரண்டு பேர் நிற்கும்போதுதான் கிடைக்கிறது. கிளப்பில் பறக்கிறவர்கள் மஞ்சள் சட்டையில் தடுமாறுவதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, பையன்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். 2002 அணியில் பாதிக்கும் மேல் உள்நாட்டு கிளப்புகளில் ஆடியவர்கள். 2022-இல் 26 பேரில் மூன்றே பேர். வினிசியஸ், என்ட்ரிக், எஸ்தேவாவ் எல்லோரையும் பதினெட்டு வயது ஆவதற்கு முன்பே பேசி முடித்து, பதினெட்டு ஆனதும் அழைத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய கிளப் ஒரு பையனிடம் அவனுக்கென்று கொடுத்த வேலையை மட்டும் கேட்கும். ஆட்டத்தையே தன் கையில் எடுத்துக்கொள்ளும் பத்தாம் நம்பர் அங்கே வளர்வது கஷ்டம்.


பத்தாம்நம்பர் எழுதியது:

மூன்றாவது காரணத்தை ஏற்க முடியாது சகோ. 2022-இல் கோப்பை தூக்கிய அர்ஜென்டினா அணியில் உள்நாட்டு கிளப்பில் ஆடியவர் ஒரே ஒருவர், மாற்று கோல்கீப்பர் அர்மானி. அவர்கள் பையன்களும் இளம் வயதிலேயே போனவர்கள்தான்.

வித்தியாசம் அணியை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. அவர்கள் கோச் ஸ்கலோனி 2018-இலிருந்து இருக்கிறார். பெரிய அனுபவம் இல்லாதவர், ஆரம்பத்தில் எத்தனையோ திட்டு வாங்கினார், வைத்துக்கொண்டார்கள். இங்கே 2022 டிசம்பரில் கோச் டிட்டே போன பிறகு என்ன நடந்தது? ரமோன் மெனேசஸ் தற்காலிகம். பிறகு ஃபெர்னாண்டோ டினிஸ், அவரும் தற்காலிகம், அதே நேரத்தில் ஃப்ளுமினென்ஸ் கிளப்புக்கும் கோச். ஏன் என்றால் 2024-இல் அன்செலோட்டி வருவார் என்று பிரேசில் கால்பந்துச் சங்கத் தலைவரே அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். அன்செலோட்டி 2023 டிசம்பரில் ரியல் மாட்ரிட்டோடு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். அப்புறம் டோரிவால். 4-1-க்குப் பிறகு அவரும் போனார். கடைசியில் 2025 மே மாதம் அன்செலோட்டியே வந்தார். அதே மாதம் அந்தத் தலைவரை நீதிமன்றம் பதவியிலிருந்து இறக்கியது. இரண்டரை வருஷம் இப்படி வீணாய்ப் போனது. ஒவ்வொரு கோச்சுக்கும் ஒரு ஆட்டமுறை, ஒவ்வொருவருக்கும் வேறு பதினொரு பேர்.

எனக்குக் கோபம் குறையவே இல்லை. ஏற்றுக்கொள்ளவும் போவதில்லை. ஏற்றுக்கொண்டால் அந்தச் சங்கத்துக்காரர்களுக்குத்தான் வசதி.


வானநீலம் எழுதியது:

உருகுவே ரசிகன் எழுதுகிறேன், மன்னிக்கவும். 1950-இல் அங்கே உங்களைத் தோற்கடித்துக் கோப்பை எடுத்த என் ஆட்கள் மரக்கானா என்ற பெயரைச் சொல்லும்போது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும்.

1924, 1928 ஒலிம்பிக் தங்கம், 1930, 1950 உலகக் கோப்பை. ஒரு காலத்தில் உலகத்தின் முதல் அணி நாங்கள்தான். சட்டையில் இன்னும் நாலு நட்சத்திரம் இருக்கிறது. அதற்குப் பிறகு 1994, 1998, 2006 உலகக் கோப்பைகளுக்குத் தகுதியே பெறவில்லை. நான் இவர்களைப் பிடித்துக்கொண்டது 2010-இல், ஃபோர்லானைப் பார்த்து. நாலாவது இடம் வந்ததற்கு அந்த நாடு கொண்டாடியதைப் பார்த்தேன். கானாவுக்கு எதிராக அப்ரியூ பெனால்டியில் பந்தை மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டாரே, அந்த ஒரு உதை எனக்குப் பத்து கோப்பைக்குச் சமம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நட்சத்திரத்தை எண்ணி எந்த உருகுவேக்காரரும் அழுது நான் பார்த்ததில்லை. நடக்கும் போட்டியில் யார் எதிரே, வால்வெர்டே எங்கே ஆடுவார், அதுதான் பேச்சு. அப்புறம், 2024 கோபா காலிறுதியில் உங்களைப் பெனால்டியில் வெளியேற்றியதும் நாங்கள்தான். அன்றைக்கு நான் குதித்தேன். பரிதாபப்படவில்லை. உங்களை ஜெயிப்பது எங்களுக்கு இன்னும் பெரிய விஷயம்தான், அதை நம்புங்கள்.


மார்த்தாரசிகை எழுதியது:

எல்லோரும் ஒரே பிரேசிலைப் பற்றியே பேசுகிறீர்கள். இன்னொரு பிரேசில் அணி இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 2, கீட்டோ, பெண்கள் கோபா அமெரிக்கா இறுதி ஆட்டம், கொலம்பியாவுக்கு எதிராக. 3-2 என்று பின்னால் இருக்கிறோம், தொண்ணூறு நிமிஷத்துக்குப் பின் கொடுத்த இஞ்சுரி டைமும் தீரப்போகிறது. கடைசி நேரத்தில் மாற்றாக வந்த மார்த்தா, வயது 39, பெனால்டி பெட்டிக்கு வெளியே இருந்து அடித்தார். 3-3. எக்ஸ்ட்ரா டைமில் அவரே இன்னொன்று, 4-3. கொலம்பியா ஃப்ரீ கிக்கில் திருப்பி அடித்து 4-4. பெனால்டியில் ஜெயித்தோம். நான் பார்த்த இறுதி ஆட்டங்களில் இதற்கு இணை இல்லை. 2002 உட்படத்தான் சொல்கிறேன்.

இந்த அணி உலகக் கோப்பை ஜெயித்ததே இல்லை. 2007 இறுதியில் ஜெர்மனியிடம் தோல்வி. ஒலிம்பிக்கில் 2004, 2008, 2024 மூன்று தடவையும் வெள்ளி. 2027 உலகக் கோப்பை பிரேசிலிலேயே நடக்கப்போகிறது. எங்களுக்குத் திரும்பிப் பார்த்து ஏங்க ஒன்றும் இல்லை, முன்னால்தான் இருக்கிறது. அழகான ஆட்டத்தைத் தேடி 2002 வீடியோவையே போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு தடவை இந்தப் பக்கம் வாருங்கள், மனசாரக் கூப்பிடுகிறேன்.


மஞ்சள்சட்டை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

சாரியா ஐயா, 82-ஐயும் 2022-ஐயும் நான் ஒருபோதும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நேற்று ராத்திரி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ரோஸியின் மூன்றாவது கோல் கார்னரிலிருந்து வருகிறது, பெட்கோவிச்சுடையது எதிர்த்தாக்குதலில். விதம் வேறு. ஆனால் அதற்கு முந்தைய சில நிமிஷங்கள் நீங்கள் சொன்ன மாதிரியேதான், இருப்பதைக் காப்பாற்ற யாருக்கும் மனசு இல்லை. இத்தனை வருஷம் அந்த 117-வது நிமிஷத்துக்காக ஃப்ரெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் திட்ட மாட்டேன். அப்புறம், வெளியே காத்திருக்கும் ரொனால்டோ யார் என்ற உங்கள் கேள்விக்கு ஒரு நாள் முழுக்க விடை தேடினேன். கிடைக்கவில்லை. ஆகவே 2001 கணக்கை விட்டுவிடுகிறேன். விடும்போது வலிக்கத்தான் செய்கிறது.

பத்தாம்நம்பர், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சங்கத்தின் மேல் கோபம் இருக்கட்டும், பதினெட்டு வயதுப் பையன்கள் மேல் என்னால் அதைக் காட்ட முடியாது. அவர்களை 2002-ஓடு ஒப்பிட்டு ஒவ்வொரு பாஸுக்கும் மார்க் போட்டுக்கொண்டிருந்தது போதும். வானநீலம், 2024-க்கு நீங்கள் குதித்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொன்னால் நம்புவீர்களா? மார்த்தாரசிகை, கீட்டோ மேட்சை முழுதாகத் தேடி எடுத்துவிட்டேன், இந்த வாரம் பார்க்கிறேன்.

இடதுபேக், உங்களிடம் ஒரு கேள்வி. ஜப்பானுக்கு நாலு நாள் முன்னால் சியோலில் கொரியாவை 5-0 என்று அடித்தோமே, அதில் எஸ்தேவாவ் இரண்டு கோல். இடது காலால் ஆடுகிறவர் வலப் பக்கம் நின்று உள்ளே வெட்டி வருகிறார். இரண்டாவது கோலுக்கு, கொரிய டிஃபெண்டர் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் காலிலிருந்தே பறித்துக்கொண்டார், அதுவும் எதிராளியின் பெட்டியிலேயே. இந்தப் பந்து பறிக்கும் வேலையை நம் முன்வரிசையில் வேறு யாரும் இவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்க்கவில்லை. அவர் உள்ளே வெட்டினால் வெளியே ஓட ஒரு வலது பேக் வேண்டுமே, யாரைப் போடுவீர்கள்? ஜப்பானுக்கு எதிராக முதல் கோல் அடித்த பாவ்லோ ஹென்ரிக்கே சரிப்படுவாரா, இல்லை அன்செலோட்டி மிலிடாவையே அங்கே நிறுத்திவிடுவார் என்று நினைக்கிறீர்களா?